பிரவுனிக்குப் பிடிக்காத பாட்டு

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் குரலைப் பற்றி எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் சபையில் பலர் ஜாடையாகச் சொன்னதுண்டு. இன்று நாயே சொல்லிவிட்டது.

ஞாயிறன்று நாய்கள் காப்பகத்திலிருந்து கூட்டிவந்த பிரவுனி இதுவரை ஒரு வாய்கூடத் தின்னவில்லை. இன்றைக்குத்தான் கட்டிலடியிலிருந்து வெளியே வந்து தட்டை மோந்து பார்த்தது. அந்த நேரம் பார்த்து நான் குடும்ப ஜெபத்துக்குக் கைதட்டிப் பாட்டெடுத்தேன். மிரண்டுபோய் மறுபடி கட்டிலடியில் புகுந்துகொண்டது. வெளியே இழுக்கப்போன மகள் பிரின்சியின் கையில் பல் பட்டுவிட்டது. நல்லவேளை, தோல் கிழியவில்லை.

“இன்னாங்க, புள்ள கையக் கடிக்கிற நாய் நமக்கு வாணாம். சனிக்கிழமை அங்கயே கொண்டுபோய் வுட்டுட்டு வாங்க” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

“கடிக்கலம்மா, பயந்துக்கிச்சு. டாடி பாடுனா நானே ஓடிடுவேன்” என்றாள் பிரின்சி, அழுதுகொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, “சரி, வுட்டுடலாம்” என்றேன்.

பாட்டில்லாமலே முழங்கால் போட்டோம். வேலை, மழை, ஊரார் சுகம் எல்லாவற்றுக்கும் வாய்விட்டு ஜெபித்தேன். கட்டிலடியில் அது மூச்சிரைப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. ஆண்டவரே, சனிக்கிழமைக்குள் இது ஒரு வாய் தின்றுவிட வேண்டும் என்பதை மட்டும் மனதுக்குள் சொன்னேன்.