பரோலோ தயாராகும் வரை

இன்று காலை ரிங்லெட் கோயிலுக்குப் பூ ஏற்றிக்கொண்டு போனபோது சாலையில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். லோரி நின்றுவிட்டது. முன்னால் கொதிக்கும் தார், பின்னால் திரிங்காப்பில் நான் பறித்த, லேசாக வாடத் தொடங்கிய ரோஜா. இரண்டு வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. "கண்ணாடிய ஏத்துங்கலா அக்கா, தொண்ட எரியுது" என்றார் டிரைவர். நான் ஏற்றவில்லை. அது உன் பரோலோ வைனின் வாசம். மூச்சை ஆழ இழுத்தேன்.

ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். நான் ரோஜாத் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன். நீ கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானா ராத்தா டவுனில் ஒரு ஹோட்டலில் உணவு பரிமாறும் வேலைக்குப் போனாய். ஊர் பேசியது. ரிங்லெட்டில் தனியாக வீடு எடுத்தாய். இன்னும் பேசியது.

ஒருநாள் விருந்தாளி ஒருவர் பாதியில் விட்டுப்போன பரோலோ என்ற இத்தாலி நாட்டுச் சிவப்பு வைனை, ஹோட்டல் சமையலறையில் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாய். மறுநாள் என்னிடம் ஓடி வந்தாய். "பச்சக் கொழுந்தக் கடிச்ச மாரி வாயெல்லாம் இறுகிப்போச்சுடி. துப்பிரலாமான்னு பார்த்தேன். அப்புறந்தான் உள்ளேர்ந்து ஒரு வாசம் வந்துச்சு பாரு!" அந்த வாசத்துக்கு உன்னிடம் பெயர் இல்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய்.

நீ ஓய்வு பெற்றபோது, கிடைத்த பணத்தில் வளையல் வாங்கிக்கொள் என்றார்கள் எல்லாரும். நீ ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் ஒரு பரோலோ வாங்கி வந்தாய். இளம் வைன். இருட்டில், குளிரில், பத்து வருடமாவது படுத்துக் கிடந்தால்தான் அந்த இறுக்கம் தளரும் என்று கடையில் சொன்னார்களாம். பின்னறையில், மலையை ஒட்டிய சுவரோரம் சாக்கில் சுற்றிப் படுக்கவைத்தாய்.

"பத்து வருஷமா? பைத்தியமாடி ஒனக்கு?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"லயத்து வீடு வேல இருக்கிற வரைக்குந்தான் நம்முளுது. அன்னன்னைக்குச் சம்பாரிச்சு அன்னன்னைக்கே தின்னோம். பத்து வருஷம் கழிச்சு நல்லாருக்கும்னு ஒரு சாமான வாங்கி வைக்கத் தொரைங்களாலதான் முடியுமா? நானும் வைப்பேன்லா."

கோயில் கமிட்டியில் இருக்கும் உன் அண்ணன் அதைக் கண்டுபிடித்த அன்று நானும் அங்கே இருந்தேன். "பொம்பள இருக்கிற வீட்டுல தண்ணியா? எடுத்து ஊத்து!" என்று கத்தினார். அண்ணி அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார். நீ ஒரு நாற்காலியை இழுத்துப் பின்னறை வாசலில் போட்டு உட்கார்ந்தாய். "வாடகை நான் கட்டுறேன். ஊத்தணும்னா என்னத் தாண்டிப் போங்க." அவர் தாண்டவில்லை.

நோய் தாண்டி வந்துவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உன்னை வீட்டுக்கு அனுப்பியபோது, போத்தலைத் துடைத்து எடுத்துக்கொண்டு உன் கட்டிலருகே வந்தேன்.

"தொறக்குறேன்டி. ஒரு வாய் குடி."

"வேணாம். நீ வச்சிரு. அது இன்னும் தயாராகல."

"நீ இருக்கும்போதே..."

"நான் போறேங்கிறதுக்காக அது சீக்கிரமா பழுத்துருமா? எனக்காக அதக் கெடுக்காத."

கோபத்தில் வெளியே போய் அழுதேன். யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு வாய் உனக்கு வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

கருமாதி முடிந்த மதியம் உன் அண்ணன் போத்தலைத் தூக்கிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்தார். குறுக்கே போய் நின்று கையை நீட்டினேன்.

"குடுங்கண்ணே. அவ எங்கிட்ட வச்சிருக்கச் சொன்ன சாமான்."

"வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இல்ல."

கூட்டமே பார்த்தது. பார்க்கட்டும். போத்தல் என் கைக்கு வந்தது. வீட்டில் படுக்கவைத்துக் காத்திருந்தேன்.

போன வருடம் அதற்குக் காலம் கூடியது. பூக்கட்டும் கொட்டகையில், பட்டப்பகலில், கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு கார்க்கைப் பிடுங்கினேன். என்னோடு வேலை செய்யும் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் அழைக்காமலே உன் அண்ணியும் வந்தார். காப்பி டம்ளர்களில் ஊற்றினேன். நாக்கில் ஒரு பிடி பிடித்தது, பிறகு மெல்ல விட்டது. வாடிய ரோஜா, தார், மழை நனைத்த மண். நீ கையை விரித்தது இதற்குத்தான் என்று புரிந்தது. உன் அண்ணி கண்ணை மூடிக் குடித்து முடித்து, டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?" என்றாள் ஒருத்தி.

"நானே சொல்லுவேன்" என்றார் அண்ணி.

அடுத்த வாரம் ஈப்போ போய் ஒரு பரோலோ கேட்டேன். கடையில் இருந்த பெண் என் நரைத்த தலையைப் பார்த்துத் தயங்கினாள். "ஆண்ட்டி, இது இப்பவே குடிக்கிறது இல்ல. பதினஞ்சு வருஷம் வைக்கணும். வேற தரட்டுமா?"

எனக்கு எழுபது நெருங்குகிறது. முழங்கால் மேடு ஏற மறுக்கிறது. "இதையே கட்டும்மா" என்றேன். மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

இப்போது அது என் வீட்டுப் பின்னறையில் படுத்திருக்கிறது. "பதினஞ்சு வருஷம் கழிச்சு யாரும்மா குடிக்கப்போறா?" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உன் குரல் என் தொண்டையில் வந்து நிற்கிறது.

"நான்தான். வேற யாரு?"