அப்பா எண்ணுகிறார், நான் எழுந்து உட்காருகிறேன்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் அது பொய், நலமில்லை என்று எழுதினால் நீ ஆபீசில் உட்கார்ந்து அழுவாய், அதனால் இரண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே எழுதுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்ல வழியில்லை. போன் மணி அடித்த உடனே ஸ்பீக்கரில் போடு என்கிறார் உன் அப்பா. அவரை எதிரில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் புலம்புவது? நீயும் "நல்லதையே நினைங்கம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கவாதம் என்று டாக்டர் சொன்ன கதைதான். மைதானத்தில் என்ன நடந்தது என்று அப்பாவுடன் வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் போன வாரம் பார்க்க வந்தபோதுதான் எனக்கே சொன்னாள். காலையில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு விசிலை வாயில் வைத்திருக்கிறார், ஊதினால் சத்தம் வரவில்லை, காற்று மட்டும் ஒரு பக்கமாகப் போயிருக்கிறது. திரும்பத் திரும்ப ஊதியிருக்கிறார். டிரில் மாஸ்டர் வேடிக்கை காட்டுகிறார் என்று பிள்ளைகள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். அப்படியே இடது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் தலைவலி என்று படுத்தறியாத மனுஷன். கோவில், கும்பிடு என்று எதையும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் தண்டாலும்தான் சாமி என்று இருந்தவர். நானோ அதற்கு நேர் எதிர், பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்தபடி நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், வீட்டுக்கு வந்தால் பிரார்த்தனை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இப்போது என்ன கூத்து தெரியுமா, அவர் உட்கார்ந்து சாமி கும்பிடுகிறார், நான் தண்டால் எடுக்காத குறை.

பிசியோதெரபிக்கு வருகிற பெண், உன் வயதுதான் இருக்கும், முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, சாரைத் தூக்கணும்னா முதல்ல உங்க காலுக்கு பலம் வேணும், இல்லன்னா ரெண்டு பேரையும் நான் பாக்க வேண்டியிருக்கும்" என்றாள். அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவள் போன பிறகும் விடவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்கிறார், கையை ஊன்றாமல் உட்காரு, எழுந்திரு என்று எண்ண ஆரம்பிக்கிறார். பேச்சு குழறுகிறது, ஆனால் எண்ணுவதில் மட்டும் தப்பு வராது. "முதுக வளைக்காத, முட்டிய மடக்கு" என்று பிள்ளைகளை அதட்டுகிற அதே அதட்டல். அடுப்பில் பால் பொங்குகிறது என்றாலும் முடித்துவிட்டுப் போ என்கிறார். முட்டி வலி, தொடை வலி, எல்லாவற்றுக்கும் மேல் எரிச்சல். நீ வேறு, ஒரு நரைத்த தலை அம்மாள் கடற்கரையில் குதிக்கிற வீடியோவை அனுப்புகிறாய். அவளுக்கு வீட்டில் வேலை இல்லை போலிருக்கிறது.

சாமி விஷயத்தைக் கேட்காதே, ஆனாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அன்றோடு என் வாயில் பிரார்த்தனை வருவது நின்றுவிட்டது. முயற்சி செய்யாமல் இல்லை. கண்ணை மூடினால் சண்டை போடத்தான் தோன்றுகிறது. பிரார்த்தனைக் குழுப் பெண்கள் வந்தார்கள், இது ஒரு சோதனை, தாங்குகிறவர்களுக்குத்தான் கொடுப்பார் என்றார்கள். அப்படியானால் நான் தாங்கமாட்டேன் என்று போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனார்கள், அதற்குப் பிறகு வரவில்லை. இதில் உன் அப்பா வேறு தினமும் என் பிரார்த்தனையைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டு, நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேட்பார். மறந்துவிட்டது என்பேன். இத்தனை வருஷம் நான் சொன்னபோது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டவர்!

இப்போது பதறாதே, எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். நேற்று முன்தினம் நான் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில், கூப்பிடாமல் தானே எழுந்து பாத்ரூமுக்குப் போய் விழுந்துவிட்டார். திரும்பி வந்தால் வாஷ்பேசினுக்கும் சுவருக்கும் நடுவில் கிடக்கிறார். அடி படவில்லை. மாடி வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், கதவு பூட்டியிருக்கிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன், என்னென்னவோ கத்தினேன். நான் கத்தி முடிக்கட்டும் என்று அவர் தரையில் கிடந்தபடி காத்திருந்துவிட்டு, "ஸ்டூலைக் கொண்டா" என்றார். தன்னைத் தூக்குவது எப்படி என்று அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார், குட்டிம்மா. என்னை வலது பக்கம் திருப்பு, நல்ல காலை மடக்கி ஊன்றுகிறேன், நீ இடுப்புப் பட்டையைப் பிடி, முட்டியை மடக்கு, ஒண்ணு, ரெண்டு. முதல் தடவை நழுவினார். இரண்டாவது தடவை தூக்கிவிட்டேன். நான், அந்த உருவத்தை! ஸ்டூலில் உட்கார வைத்ததும் அவர் உதடு கோணி அழ ஆரம்பித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்க்காத அழுகை. அழாதீங்க, எனக்கே மூச்சு வாங்குறது நிக்கலை என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பிரார்த்தனையைச் சொல்ல ஆரம்பித்தார், வழக்கம்போலப் பாதியில் தப்பாகப் போனார். கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, சரியான வரியைச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிதான். பக்தியில் வந்தது என்று நினைத்துச் சந்தோஷப்படாதே, மிச்சம் இன்னும் வரவில்லை, கோபமும் தீரவில்லை. ஆனால் நேற்றுக் காலையில் நாற்காலியை நானே சுவரோடு போட்டேன், அவர் சொல்வதற்கு முன்னால்.

கிளினிக்கில் டாக்டர் என் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். நான் அரை நாளாவது போக வேண்டும், வீட்டுக்குள்ளேயே இருந்தால் இவரைக் கடித்துக் குதறிவிடுவேன். அதனால் நீ லீவு போட்டு வந்து கொஞ்ச நாள் இரு. எப்போது வருவாய் என்பதைப் போனில் சொல், அதை மட்டும் ஸ்பீக்கரில் சொல். வீடியோ, பொன்மொழி எதுவும் இனி வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கு, மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்ததாகச் சொல்.

ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் உனக்கு நான்தான் ஆசீர்வாதம் எழுதுவேன். இந்தத் தடவை பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. அப்பாவைக் கேட்டேன், அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "கடவுள் உன்கூட இருப்பார். நல்லா இரு. தினமும் நட, முதுகை நிமித்தி நட."

முதல் வரிக்கு நான் பொறுப்பில்லை. மற்ற இரண்டிலும் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா