சமையல் மேடையில் வைத்த ரிசீவர்

காக்ஸ் டவுன்,
பெங்களூர்,
23.7.2002

கிறிஸ்துவுக்குள் அன்பான மகள் தர்ஷினிக்கு மம்மி எழுதுவது. டாடிக்கு இருமல் நின்றுவிட்டது, எனக்குச் சர்க்கரை ஏறவில்லை, கர்த்தர் ஒரு குறையும் வைக்கவில்லை. டல்லாஸில் நீயும் மாப்பிள்ளை பெர்னார்டும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். போன சனிக்கிழமை நீ பாத்திரம் கழுவின வேகத்தைக் கேட்டால் உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிகிறது.

இதைப் போனில் சொன்னால் அதையும் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் கடிதம். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள் நான், ரிசீவர் காதில் இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாதா? காதில் இருந்தால் மூச்சு கேட்கும், கீழே வைத்தால் வீடே கேட்கும். வழக்கம்போல ஜெபம் பண்ணுங்க மம்மி என்றாய், நானும் கண்ணை மூடி ஆரம்பித்தேன், கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் சத்தம், தட்டு உரசுகிற சத்தம், டிவியில் யாரோ சிரிக்கிறார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக மூன்று நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நீ வந்து எடுத்து, "ஆமென். தேங்க்ஸ் மம்மி, இன்னிக்கு ரொம்ப நல்லா ஜெபிச்சீங்க" என்றாய். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

எத்தனை சனிக்கிழமையடி இப்படி? சர்ச் தூரம் என்றாய், நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைதான் மாப்பிள்ளைக்கு ஓய்வு என்றாய், அதையும் நம்பினேன். போதகர் விசாரிக்கும்போதெல்லாம் என் மகள் வாரம் தவறாமல் என்னோடு ஜெபத்தில் இருக்கிறாள் என்று தலை நிமிர்ந்து சொன்னேனே, என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாய்! பி.யூ.சி. படிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது என்று ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஜெபிப்பாய். ஒரு நாள் காலேஜுக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன், உனக்குக் கேட்கவேயில்லை. முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாய். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, எனக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று அடுப்படியில் நின்று நானும் அழுதேன். அந்தப் பிள்ளை எங்கே போனாள்? ஆண்டவர்மேல் ஏதாவது வருத்தம் என்றால் சொல்லு, கேட்கிறேன். சண்டை போடு, அதுகூடப் பரவாயில்லை. கேட்பதுபோல நடிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் சொல்லி டாடியிடம் குதித்தேன். அவர் ஷேவ் பண்ணிக்கொண்டே, "நீ எந்த வார்த்தையில நிறுத்தினே?" என்று கேட்டார். யோசித்தேன், யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. "எனக்கே மனப்பாடம் பியாட்ரிஸ், மூணு வருஷமா அதே ஜெபம்தான். நடுவுல குக்கர் விசில் வந்தா அணைன்னு என்கிட்ட கையைக் காட்டுவே" என்றார். வந்த கோபத்தில் அன்றைக்கு அவர் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை, கசங்கலோடுதான் ஆராதனைக்கு வந்தார். ஆனால் அங்கே உட்கார்ந்து கவனித்தேன் தர்ஷினி. வாய் பாட்டுப் பாடுகிறது, மனசு மார்க்கெட்டில் மீன் கிடைக்குமா என்று கணக்குப் போடுகிறது. எப்போதிருந்து இப்படி ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ ரிசீவரைக் கீழே வைத்தாய், நான் கையில் பிடித்துக்கொண்டே அதைச் செய்திருக்கிறேன். உன்மேல் கோபம் தீரவில்லை, அதில் பாதி என் பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மஞ்சுநாத் மேலே மாடி எடுத்துக் கட்டுகிறார், வீடெல்லாம் சிமென்ட் தூசி, துடைத்து மாளவில்லை. நீ தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடு, காபி குடித்துவிட்டுச் சாப்பிட்டால் பிரயோஜனமில்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்வரை போன் பண்ணினால் டாடிதான் எடுப்பார். ஆகஸ்ட் பத்தாம் தேதி சனிக்கிழமை நான் எடுப்பேன். அன்றைக்கு நான் ஜெபிக்க மாட்டேன், நீதான் ஜெபிக்க வேண்டும், அதுவும் எனக்காக. மம்மிக்கு ஜெபம் வற்றிவிட்டது, திரும்பத் தாரும் என்று கேள். அலங்காரமாக ஒன்றும் வேண்டாம். வார்த்தை வராவிட்டால் சும்மா இரு, நானும் சும்மா இருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் நான் வைக்க மாட்டேன்.

கடைசியில் எப்போதும் எழுதுகிற ஆசீர்வாதத்தை எழுதக் கை தானாகப் போனது. பேனாவை மூடிவிட்டுத் தரையில் முழங்காலிட்டேன். உன் பெயரைச் சொன்னேன், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. எழுந்திருக்க டாடி கை கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது எழுதுகிறேன். கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக, என் மகளே.

கோபம் இன்னும் ஆறாத உன் மம்மி,
பியாட்ரிஸ்