சுருட்டையின் மேப்

மார்ச் 3, செவ்வாய்

பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் பக்கத்து மேசையில் கொண்டாட்டம். தலைமைப் பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நூத்தி இருபது வரியில மொத்த மேப்பையும் முடிச்சிட்டியேப்பா! படிக்கவே சுகமா இருக்கு." சுருட்டை தலையைச் சொறிந்துகொண்டு நெளிந்தான். முடியைப் பார்த்து வைத்த பெயர். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

மூன்று வருடமாக இந்தக் கணினி நிரல்மொழியைக் கட்டுகிறோம். அதில் எதை எழுதுகிறவருக்கும் முதலில் தேவைப்படுவது இரண்டு. பொருள்களை வரிசையாக வைத்துக்கொள்ள லிஸ்ட், அது என்னுடையது. சாவியைக் கொடுத்தால் அதற்கு உரியதை எடுத்துக் கொடுக்க மேப், அது அவனுடையது. என் லிஸ்ட்டுக்குப் பதினொரு மாதம் ஆனது. அதைப் படிக்கச் சுகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? லிஸ்ட் என்றால் தண்ணீர்க் குழாய் மாதிரி. வந்தால் யாரும் பேசமாட்டார்கள்.

வயிறு எரிகிறது. இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

சாப்பிடும்போது சுருட்டை எதிரே வந்து உட்கார்ந்தான். "அக்கா, உங்க லிஸ்ட்ல சேர்க்க, நீக்க, தேடன்னு வெச்ச பேரையே மேப்புக்கும் வெச்சுட்டேன். ஒண்ணைக் கத்துக்கிட்டா ரெண்டும் வந்துடும்ல?"

அந்த மூன்று பெயர்களுக்காக நான் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவன் ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு, எனக்கே பரிமாறுகிறான். அதில் தப்பும் சொல்ல முடியாது. அதுதான் சரியான முடிவு. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 9, திங்கள்

மேப்பைச் சரிபார்க்கிற வேலை எனக்கு வந்திருக்கிறது. எங்களிடம் ஒரு வழக்கம்: எழுதியவர் அல்லாத ஒருவர் வரிவரியாகப் பார்த்து, அடியில் 'பார்த்தேன், சரி' என்று எழுதி ஒப்பமிட வேண்டும். வெளியீடு இருபதாம் தேதி. வெளியே போன பிறகு எதன் நடத்தையையும் மாற்றுவதில்லை; நம்பி எழுதியவர்களின் நிரல்கள் உடைந்துவிடும்.

வீட்டில் இவர் கேட்கிறார், "உனக்கு அந்தப் பையன் மேல கோவமா, பாசமா? சாப்பாட்டுல கை வெச்சா அவன் பேச்சுதான்." பல் மருத்துவர் இல்லையா, வாயைப் பிடுங்குவதைத் தவிர வேறென்ன தெரியும்.

மார்ச் 12, வியாழன்

கிடைத்துவிட்டது!

மேப்பில் ஒன்றை நீக்கினால், காலியான இடத்தில் கடைசியில் இருப்பதைத் தூக்கி வைக்கிறான். வேகத்துக்காக. சரிதான். ஆனால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரும்போது நடுவில் ஒன்றை நீக்கினால்? வரிசையாக நாற்காலி போட்டு ஆள் எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள். ஒருவர் எழுந்து போகிறார். கடைசி ஆள் ஓடி வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறார். எண்ணுகிறவர் அதைத் தாண்டியாயிற்று. கடைசி ஆளை எண்ணவே மாட்டார்.

திருத்தமும் ஒரே வரிதான். பின்னாலிருந்து எண்ணினால் போதும். அப்போது ஓடி வருகிறவர் ஏற்கெனவே எண்ணப்பட்டவர்.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் கடைசி ஆள் காணோம். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

மார்ச் 13, வெள்ளி

'பார்த்தேன், சரி.'

ஒப்பமிட்டுவிட்டேன். வெளியே போகட்டும். யாராவது கண்டுபிடிக்கட்டும். அப்போது பார்க்கலாம், நூற்றிருபது வரியின் சுகத்தை.

மார்ச் 18, புதன்

வெளியீட்டுக்கு முன் கடைசிக் கூட்டம். ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டார். வாயைத் திறந்தேன்.

"ஜன்னலை மூடலாமா? காத்து அடிக்குது" என்றேன்.

சொன்னால், பிறகு ஏன் ஒப்பமிட்டாய் என்பார்கள். அதற்கு என்ன பதில் இருக்கிறது என்னிடம்?

சுருட்டை எழுந்து போய் ஜன்னலை மூடினான்.

மார்ச் 20, வெள்ளி

வெளியிட்டாயிற்று. கேக் வெட்டினார்கள். கத்தியை அவனிடம் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஒரு கண் மருத்துவமனையிலிருந்து புகார். நாளைக்கு வரவேண்டியவர்களுக்குச் செய்தி அனுப்பும் நிரலை நம் மொழியில் எழுதியிருக்கிறார்கள். வரமுடியாது என்றவர்களை நீக்கிக்கொண்டே மற்றவர்களுக்கு அனுப்பும். ஒருவரை நீக்கினால், கடைசியாகப் பதிந்தவருக்குச் செய்தி போவதில்லை. ஒரு முதியவருக்கு இரண்டு முறை போகவில்லை. அவருடைய அறுவை சிகிச்சை ஒரு மாதம் தள்ளிப்போய்விட்டது.

நான் நினைத்ததில் முதியவர் யாரும் இல்லையே. சுருட்டை மட்டும்தானே இருந்தான்.

அவன் புகாரைப் படித்துவிட்டு என்னிடம்தான் திரும்பினான். "அக்கா வரிவரியா பாத்து சரின்னாங்களே. அப்ப வேணும்னேதான் இப்படி விட்டிருக்கணும். எனக்குத்தான் காரணம் புரியலை. என்ன காரணம்க்கா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்கிறான். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. "சொத்தைன்னு தெரிஞ்சே மேல அடைச்சு அனுப்பிட்டியேம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 22, புதன்

சொன்னேன். தலைமைப் பொறியாளர், சுருட்டை இருவரும் இருக்கும்போதே.

"மார்ச் பன்னெண்டாம் தேதியே பாத்தேன். சொல்லலை."

"ஏன்?" இது தலைமைப் பொறியாளர்.

"பொறாமை." வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பின்னாலேருந்து போற மாதிரி இப்ப மாத்த முடியாது. போட்ட வரிசையிலேயே வரும்னு நம்பி ஒரு மாசத்துல அறுநூறு பேர் எழுதிட்டாங்க. மாத்தினா அத்தனையும் தலைகீழா போகும்." பார்த்துக்கொண்டே நீக்குவதற்குத் தனியாக ஒரு வழி சேர்க்க வேண்டும். மேப்பின் கையேட்டில் ஓர் எச்சரிக்கைப் பக்கம் வேண்டும். இரண்டையும் நான் எழுத வேண்டும். மருத்துவமனைக்கும் நான்தான் பதில் எழுத வேண்டும்.

சுருட்டை வாசல்வரை போய்த் திரும்பினான். "அப்பவே சொல்லியிருந்தா நூத்தி இருபத்தோரு வரி ஆகியிருக்கும். அவ்வளவுதானே?"

மே 11, திங்கள்

எச்சரிக்கைப் பக்கம் முடிந்தது. ஏழு முறை திருத்தினேன். அவன் இன்றும் வேறு மேசையில் சாப்பிட்டான்.

ஜூன் 18, வியாழன்

சுருட்டை அடுத்ததை எழுதிவிட்டான். ஒரே பொருள் இரண்டு முறை வராத தொகுப்பு. தொண்ணூறு வரி. சரிபார்க்க என் பெயரைப் போட்டிருக்கிறான். வேறு ஆள் போடலாமே என்று தலைமைப் பொறியாளர் கேட்டாராம்.

கீழே ஒரு குறிப்பு: "தப்பு கண்டுபிடிக்க உங்களை விட்டா ஆள் கிடையாது. கண்டுபிடிச்சா சொல்லிடுங்க."

நாள் முழுக்கப் படித்தேன். நன்றாக இருக்கிறது. பாவி, ரொம்ப நன்றாக இருக்கிறது. எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது, இம்மிகூடக் குறையவில்லை. பதினொரு குறை எழுதினேன். திரும்பப் படித்ததில் இரண்டு வெறும் பொறாமை. அந்த இரண்டையும் அழித்துவிட்டு ஒன்பதை அனுப்பினேன்.