என் முதுகெலும்பை எல்லாரும் பார்த்தாயிற்று

10 ஜூன் 2025, செவ்வாய்

தேனி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். போடிநாயக்கனூர் கடையில் ஏலக்காய் மூட்டை அடுக்கின் மேலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டவள் நான். விசாரிப்பு மட்டும் வீட்டுக்காரருக்கு. "வினோத்ராஜ், சாப்பிட்டீகளா, தூங்கினீகளா" என்று அவரைத்தான் கேட்கிறார்கள்.

11 ஜூன்

இன்று ஸ்கேன். என் முதுகெலும்பைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாக்கி, டாக்டர் திருப்பித் திருப்பிக் காட்டினாராம். எந்த எலும்பில், எந்தச் சாய்வில், எத்தனை மில்லிமீட்டருக்குத் திருகு ஏற்றுவது என்று அதிலேயே முன்கூட்டிக் குறித்துக்கொள்வார்களாம். கொஞ்சம் விலகினாலும் நரம்பில் இறங்கிவிடுமாம். அப்புறம் கால் விளங்காது.

எல்லாம் கேள்விப்பட்டதுதான். பார்த்தது இவரும் கொழுந்தன் அஜய்குமாரும். அவன் அதைப் போனில் பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டான். அந்தக் குரூப்பில் நான் கிடையாது. கோயம்புத்தூர் நாத்தனார்கூடப் பார்த்துவிட்டுக் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறாள்.

"எனக்கும் காட்டுங்களேன்" என்றேன்.

"நீ பாத்தா பயந்துக்கிருவ. பேசாமப் படு."

யாருடைய எலும்பு?

12 ஜூன்

நர்ஸ் ஜெஸ்லின் படிவத்தோடு வந்தாள். பழைய வியாதி ஏதும் உண்டா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "ஒண்ணுங் கெடையாது சிஸ்டர், கல்லு மாதிரி இருப்பா" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பக்கத்தில் அத்தை, இவரைப் பெற்றவர், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை. பதினாறு வயதில், பெரியகுளத்தில் அப்பா வீட்டில் இருந்தபோது, எனக்கு முதுகெலும்பில் டிபி. ஒரு வருஷம் மாத்திரை. 'கல்யாணம் ஆகிறவரைக்கும் மூச்சு விடக் கூடாது' என்றார் அப்பா. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இன்னும் மூச்சு விடவில்லை. இவர் மேல் எரிந்து விழுகிறேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்?

13 ஜூன்

இவர் அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது. "ரெண்டு எலும்பு ஒட்டிப்போய்க் கெடக்காம். பெறவியிலயே அப்படி இருக்கும்னு டாக்டர் சொன்னாக. அதுலயும் ஸ்க்ரூ போடுறாகளாம். திங்கக்கெழமை ஆபரேசன்."

பிறவியாம். நோய் தின்று ஒட்டிய எலும்பு அது. எனக்கு மட்டும்தான் தெரியும், என்னிடம் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

14 ஜூன்

அந்த எலும்பு திருகைத் தாங்குமா — வீட்டு மானத்துக்காக நான் காலைக் கொடுக்கணுமா?

15 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சர்ச் முடிந்து எல்லாரும் வந்திருந்தார்கள். டாக்டர் உள்ளே வந்ததும் வழக்கம்போல இவர் முகத்தைப் பார்த்து நாளைய ஆபரேஷனைப் பற்றி ஆரம்பித்தார். "டாக்டர், அது என் முதுகு. எனக்குக் காட்டுங்க" என்றேன். சத்தம் கூடிப்போய்விட்டது. "ஏய், சும்மாரு" என்றார் இவர். எதுக்கு சும்மா இருக்கணும்?

லேப்டாப் வந்தது. என் முதுகெலும்பு மெல்லச் சுழன்றது. ஒட்டிக்கிடந்த எலும்பில் இரண்டு நீலக் கோடுகள், அங்கே ஏற்றப்போகும் திருகுகள். பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"இது பெறவியில்ல டாக்டர். பதினாறு வயசுல டிபி வந்து ஒட்டுனது."

"இவ அப்பன் வீட்டுல இத்தன வருசமா நம்மள ஏமாத்திருக்காக" என்றார் அத்தை.

டாக்டருக்கும் கோபம். "இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க என்னையக் கேக்கவே இல்லையே டாக்டர்."

அவர் அந்த இரண்டு கோடுகளையும் அழித்தார். நோய் இன்னும் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் ஆபரேஷன் என்றார். திருகுகளை மேலும் கீழும் இருக்கிற நல்ல எலும்புகளுக்கு மாற்றித் திரும்பத் திட்டம் போட வேண்டுமாம். இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சொன்னார்.

19 ஜூன்

நோய் இல்லை. நாளைக்கு ஆபரேஷன். இவர் நாலு நாளாக என்னோடு பேசவில்லை.

24 ஜூன்

இரண்டு கால்களிலும் விரல்கள் அசைகின்றன. அத்தை வந்து பார்க்கவில்லை. இவர் தினமும் வருகிறார், இட்லி வாங்கி வைக்கிறார், பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

இன்று டாக்டர் வந்து, பழக்கதோஷத்தில் இவரிடமே, "வலி எப்படி இருக்காம்?" என்று கேட்டார்.

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவகிட்டயே கேளுங்க சார்" என்றார்.

கோபத்தில்தான் சொன்னார். இருக்கட்டும். டாக்டர் நாற்காலியை என் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டார். எங்கே, எப்போது, எவ்வளவு என்று நிதானமாகச் சொன்னேன்.

"வேற எதுவும் இருக்காம்மா?" என்றார்.

இருந்தது. இனி எதுவானாலும் முதலில் என்னிடம் கேளுங்கள் என்று அதையும் சொன்னேன்.