பின் கதவுக்குப் போட்ட முடிச்சு

காசிமேடு,
3-6-1951

சிரஞ்சீவி தேசப்பனுக்கு, உன் நைனா நீலமேகம் வாயால் சொல்ல உன் தோஸ்து ரஷீது கையால் எழுதும் கடிதம். கடலம்மா புண்ணியத்தில் நானும் உன் அம்மா கெங்கம்மாவும் இங்கே கை கால் விளங்க இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் போகவில்லை, வாய் நன்றாக இருக்கிறது. சிங்கப்பூரில் உனக்கு வேளைக்குச் சோறும் படுத்தால் தூக்கமும் கிடைக்கிறதா என்று எழுது. உன் தங்கை மங்கையின் கல்யாணம் போன வியாழக்கிழமை நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உனக்குச் சந்தேகம் வரும்.

நீ பங்குனியில் போட்ட கடிதத்தில் என் காரை யாரும் தொடக்கூடாது, ரஷீது வாரத்துக்கு ஒரு நாள் என்ஜினை மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தாய். ரஷீது அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினான். நான் தொட்டேன். பதறாதே, முழுக்கக் கேள். நீ ஆறு வயதில் என் புது வலையின் நடுவில் வெட்டி எடுத்து முருங்கை மரத்தில் ஊஞ்சல் கட்டினாய், அன்று கார்த்திகை மாதம் இரண்டாம் செவ்வாய், தூறல் போட்டுக்கொண்டிருந்தது, நான் உன்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை. அதை இப்போது நினைத்துக்கொள்.

மங்கைக்கு இதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போனது உனக்குத் தெரியும், பெண்ணுக்கு வாய் நீளம், ஆம்பளை மாதிரி கரையில் உட்கார்ந்து வலை பிரிக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக வந்ததுதான் பெரம்பூர் மனோகரன். ரயில்வேயில் உத்தியோகம் என்று தரகர் சொன்னார், என்ன உத்தியோகம் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். பையனின் அம்மா பவுனம்மாள் நம் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள்தான், பெரம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அவள் புருஷன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தாம்பூலம் மாற்றுகிற அன்றைக்கு அவள், "எம்புள்ள மாட்டு வண்டில வரமாட்டான், கார்லதான் வருவான். அது முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். சபையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மகன் காரே வைத்திருக்கிறான் என்று நான் சொல்லிவிட்டேன். பொய் இல்லையே.

வீட்டுக்கு வந்து கொட்டகையில் பாயை விலக்கிப் பார்த்தால் அது கார் மாதிரி இல்லை. என்ஜின் ரஷீது தயவில் ஓடுகிறது, உள்ளேதான் கலீஜ். பின் சீட்டில் நம் வெள்ளைக் கோழி குடித்தனம் நடத்தியிருக்கிறது, முட்டை ஏழு. சீட்டுத் தோல் வெடித்து உள்ளேயிருந்து கம்பிச் சுருள் எட்டிப் பார்க்கிறது. மேல் துணி கிழிந்து தலைக்கு மேல் தொங்குகிறது, கண்ணாடி ஏற்றி இறக்குகிற கைப்பிடி இல்லை, முன் பலகையில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. பின்னால் வலப் பக்கக் கதவை நீயே ஆணி அடித்து மூடிவிட்டுப் போனாய், இடப் பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து காற்றடித்தாலே திறந்துகொள்கிறது. ரஷீது உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "நைனா, இத்த ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா மாப்பிள்ளைய நடந்து வரச் சொல்லு" என்றான். மவுண்ட் ரோடு பக்கம் தெரிந்த கடையில் விசாரித்துவிட்டு வந்து அவன் சொன்ன கூலியைக் கேட்டு, சரி, படகைப் பழுது பார்க்கத் தெரிந்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நானே உட்கார்ந்துவிட்டேன்.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், நாளைக்கு உனக்கும் உதவும். கம்பிச் சுருள்களின் மேல் பழைய வலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, அதன் மேல் தேங்காய் நாரைத் தண்ணீர் தெளித்து மிதித்துப் பரப்பினேன், உட்கார்ந்தால் மெத்தை தோற்றுப்போகும். வெடித்த தோலை வலை ஊசியால் நெருக்கமாகத் தைத்தேன். மேலே தொங்கிய துணியைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கட்டுமரத்துப் பாயில் நல்ல பாகமாக வெட்டி, புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையால் ஒட்டினேன். நான்கு மூங்கில் குச்சி கொடுத்து ஒரு நாள் முட்டுக்கொடுத்து வைத்தால் பிடித்துக்கொள்கிறது. முன் பலகை வெடிப்புக்குப் படகு ஓட்டை அடைக்கிற குங்கிலியம். கண்ணாடிக் கைப்பிடிக்கு ஒரு இரும்புக் கரண்டியின் காம்பை வளைத்து ஓட்டை போட்டு மாட்டினேன், அழகாகச் சுற்றியது. கரண்டி எங்கே கிடைத்தது என்று அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா மூன்று நாள் அந்தக் கரண்டியைத் தேடிப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தும் தோல் வறண்டு சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. படகு மரம் வறண்டால் என்ன செய்வோம்? சுறா எண்ணெய் பூசுவோம். அரைப் படி எண்ணெய் குடித்தது அந்தத் தோல், குடித்துவிட்டுக் கன்னங்கரேல் என்று மின்னியது, என் முகம் அதில் தெரிந்தது. ரஷீது கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, "இன்னா நைனா, காரா கருவாட்டுக் கூடையா?" என்றான். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அறுபது வருஷம் அதிலேயே கிடந்தவனுக்கு எப்படித் தெரியும்? காய்ந்தால் போய்விடும் என்றேன்.

மிச்சம் இருந்தது இடப் பக்கக் கதவு ஒன்றுதான். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மாப்பிள்ளையை அழைத்து வர மச்சான் நீ இல்லாததால் நானே ரஷீதோடு விடியற்காலம் பெரம்பூர் போனேன். மாப்பிள்ளை பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ஏறி உட்கார்ந்தார், பக்கத்தில் அவர் அப்பா. பவுனம்மாளும் மற்றவர்களும் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள், அது கடவுள் செயல். கதவை மூடி, உள் பக்கம் கைப்பிடியிலிருந்து முன் சீட்டுக் காலுக்குக் கயிறு கொடுத்து, கயிற்றைத் தண்ணீரில் நனைத்து ஒரு முடிச்சுப் போட்டேன். அறுபது வருஷமாக நான் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும், நடுக்கடலில் அவிழாது. வழியில் திருப்பத்துக்குத் திருப்பம் கதவு வெளியே தள்ளி முடிச்சை இழுத்துப் பார்த்தது, முடிச்சு அசையவில்லை. நான் முன் சீட்டில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை சீட்டுத் தையலைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

கல்மண்டபம் தாண்டும்போதே இரண்டு பூனை பின்னால் ஓடி வந்தது. நம் தெருவுக்குள் வந்து பந்தல் முன் நின்றதும் எங்கெங்கோ இருந்த பூனையெல்லாம் வந்துவிட்டது, ரஷீது பதினொன்று என்கிறான், நான் எண்ணியது பதினான்கு. வெயிலில் சீட்டு சூடேறி வாசனை அப்போதுதான் முழுசாகக் கிளம்பியதாம். மேளக்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்தான். உன் அம்மா ஆரத்தித் தட்டோடு கதவுக்கு வந்தவள் உள்ளே பார்த்தாள், "அடப்பாவி மனுசா, ஏங்கரண்டி!" என்று கத்தி, தட்டை யாரோ கையில் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை இறக்கிக்கொண்டிருந்த கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டுக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடி பாதியில் நின்றது. அந்த வழியாக ஒரு சாம்பல் பூனை உள்ளே குதித்து மாப்பிள்ளை மடியில் உட்கார்ந்து சீட்டை நக்க ஆரம்பித்தது.

அதுகூடப் பரவாயில்லை. முடிச்சு அவிழவில்லை. ஈரம் காய்ந்து கல்லாகிவிட்டது. நான் பார்த்தேன், என் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மாப்பிள்ளை பார்த்தார், அவர் அப்பா பார்த்தார், வெளியிலிருந்து நாலு பேர் கதவைப் பிடித்து இழுத்தார்கள், அது இன்னும் இறுகியது. பந்தலில் யாரோ மணி ஒன்பதே முக்கால் என்றார்கள். ரஷீது பேனாக்கத்தியை எடுத்து விரித்தான். அவ்வளவுதான், பவுனம்மாள் போட்ட சத்தத்தில் பூனைகளே நாலு அடி பின்வாங்கின. "தாலி ஏறப்போற நேரத்துல கவுறு அறுக்கறீங்களாடா? எம்புள்ள கண்ணு முன்னால கத்தியா?" ரஷீது கத்தியை மடக்கி வாயில் போட்டுக்கொள்ளாத குறை. அவள் சொன்னது நியாயம்தான் தேசப்பா, அந்த நேரத்தில் எந்தக் கயிற்றையும் அறுக்க எனக்கும் மனசு வராது. சரி, முன் சீட்டு வழியாகத் தாண்டி வரட்டும் என்று யாரோ சொல்ல, "மாப்ள இன்னா கொரங்கா, தாவி வர?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா சம்மந்தி, எம்புள்ளைய கருவாட்டு மூட்ட மாதிரி கட்டி இட்டாந்துகீறே! இது நல்ல சகுனமா படல எனக்கு" என்று சொல்லிக்கொண்டே முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "ஏம்பா டிரைவரு, வண்டியத் திருப்பு, பெரம்பூருக்கு வுடு" என்றாள்.

மூன்றாவது சம்பந்தமும் என் கையாலேயே, அதுவும் என் முடிச்சாலேயே போகிறது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா கரண்டியை ஆட்டிக்கொண்டு, "ஏ பவுனு, குப்பத்துல எறா ஆஞ்சுகினு கெடந்த மூக்குதானே அது, இப்ப இன்னா ரோசாப்பூ மூக்காயிடுச்சா?" என்று கேட்டு இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் கெடுத்தாள். ரஷீது சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றான். அது பொய், அவன் சாவியை முழுசாகத் திருப்பவே இல்லை. இதை எழுத மாட்டேன் என்கிறான், எழுது என்று சொல்லியிருக்கிறேன். அவன் மட்டும் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் மங்கை இன்று என் வீட்டில்தான் இருப்பாள்.

அப்போதுதான் மங்கை வந்தாள். கழுத்தில் மாலை, நெற்றியில் சுட்டி, மணையிலிருந்து எழுந்து நேராகத் தெருவுக்கு வந்துவிட்டாள். பெண்கள் ஐயோ ஐயோ என்று பின்னாலேயே வந்தார்கள். வாய் நீளம் என்று பேர் வாங்கியவள், இனி கால் நீளம் என்றும் பேர் வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாதிக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, "நைனா, இது சுறா வலைக்குப் போடற முடிச்சாச்சே, மாப்ளைக்கா போட்டுகீறே?" என்றாள். மாப்பிள்ளை முதல் தடவையாக வாய் திறந்தார், "நான் கேரேஜ் ஒர்க்ஸ்ல ரயிலுக்கு சீட்டு தைக்கறவன், அஞ்சு வருசம் சர்வீசு, இப்டி ஒரு முடிச்ச பாத்ததே இல்ல" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். நான் தைத்த சீட்டில், சீட்டு தைக்கிறவரையே, அத்தனை தூரம் உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கிறேன். மங்கை அதைக் கேட்டு அசரவில்லை. "கதவ வெளிய தள்ளாதீங்க, உங்க பக்கமா இஸ்து புடிச்சுக்கோங்க" என்றாள். அவர் பூனையை இறக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். பெண்டாட்டி சொன்னதைத் தாலி கட்டும் முன்னாலேயே கேட்ட மாப்பிள்ளை நம் தெருவில் இவர் ஒருவர்தான். கயிறு தளர்ந்தது. கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, கையை உள்ளே விட்டு, முடிச்சின் வயிற்றில் குத்தி நெம்பி, கட்டை விரலால் பின்னோக்கித் தள்ளினாள். தள்ளவும் முடிச்சு வாயைத் திறந்தது. முன் சீட்டிலிருந்து பவுனம்மாள் திரும்பிப் பார்த்து, "சுண்டு வெரல வளையத்துல வுட்டு இஸ்திருந்தா இன்னும் சீக்கரமா வந்திருக்கும்" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து முகத்துவாரக்குப்பம் வாயிலிருந்து விழுந்துவிட்டது. மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார், பிறகு மங்கை, பிறகு உன் அம்மா, கடைசியில் பவுனம்மாளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு இறங்கினாள். பத்தே காலுக்குத் தாலி ஏறியது. அவர் போட்ட மூன்று முடிச்சையும் கிட்டப் போய்ப் பார்த்தேன், தையல்காரர் முடிச்சு, சுத்தமாக இருந்தது.

மறுநாள் மறுவீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, எண்ணெய்தான் தப்பு. தையல் பிரியாது, வுட்டுடுங்க" என்றார். ரயிலுக்குத் தைக்கிறவர் சொன்னது, நீ வந்து குறை சொல்லாதே. சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவியாகிவிட்டது, வாசனை பாதி போயிருக்கிறது என்று ரஷீது சொல்கிறான். பூனை இப்போது மூன்றுதான் வருகிறது. வெள்ளைக் கோழியைக் கொட்டகைப் பக்கம் விடுவதில்லை. கரண்டி அடுப்படிக்குப் போய்விட்டது, கண்ணாடிக் கைப்பிடி ஒன்று அங்கே பழைய கடையில் கிடைத்தால் வாங்கி வா, பின் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் வாங்கி வா, மறந்துவிடாதே. மழையில் நனைந்துகொண்டு கப்பலில் ஏறாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, நல்லெண்ணெய்.

அந்தக் கதவை நான் கட்டவில்லை தேசப்பா. இரண்டு தடவை கயிற்றைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் போட்ட முடிச்சை அவிழ்க்கிறவள் பெரம்பூர் போய்விட்டாள். காற்றடித்தால் கதவு தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது, உன் அம்மா அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். நீ சீக்கிரம் வா.

கடல் உன்னைக் கரை சேர்க்கட்டும், நீ தொட்டதெல்லாம் பிடித்து நிற்கட்டும் என்று ஆசீர்வதிக்கும் உன் நைனா,

நீலமேகம்
(இடக் கைப் பெருவிரல் ரேகை. ரேகை பரவியிருந்தால் அது மை இல்லை, எண்ணெய்.)