கல்லில் ஏறாத தோமாசா

மணிலா
2-4-1962

அன்புள்ள எஸ்தாக்கியா அக்காவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்று பெண்களையே கேட்டு ஓட்டெடுப்பு நடத்தினார்களே, வருகிற முப்பதாம் தேதியோடு அதற்கு இருபத்தைந்து வருடம். உங்கள் ஊர் மாதா கோயில் எதிரே நினைவுக்கல் வைக்கிறோம். அன்று ஓட்டுப் போட்ட பதினோரு பேரின் பெயரும் அதில் இருக்கும். அன்றைக்கு நான் பக்கத்து ஊரில் இருந்தாலும், பெயர்களைக் குறித்து வைத்த பழைய நோட்டு கைவசம் இருக்கிறது. முதல் பெயர் உங்களுடையது.

அன்புடன்,
கன்சோர்சியா டீச்சர்

லிபாஸ் கிராமம்
9-4-1962

டீச்சரம்மா, நல்லா இருக்கீங்களா? சாப்பாடெல்லாம் நேரத்துக்கு ஆகுதா? நான் சொல்லச் சொல்ல மருமக லூமிங் எழுதுறா. நம்ம பன்னி ஒம்பது குட்டி போட்டிருக்கு. ஒண்ணு நோஞ்சான், அதை மத்ததுக பால் குடிக்க விட மாட்டேங்குது. சரி, அது கெடக்கட்டும்.

என் பேரு வேணாம் டீச்சரம்மா. நான் ஓட்டே போடல. படிக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் ஓட்டாம். பேர் பதியப் போனப்ப குமாஸ்தா, "எழுதப் படிக்கத் தெரியுமா?"ன்னான். "ஜெபமாலை முழுக்க மனப்பாடம்"னேன். "அப்ப மாதாகிட்டயே போயி ஓட்டுக் கேளு"ன்னான். சுத்தி நின்னவனெல்லாம் சிரிச்சான். ஓட்டு அன்னைக்கு எல்லாரையும் வண்டியில கூட்டிப் போயிட்டு, அவளுக பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டு வெளிய உக்காந்திருந்தேன். ஒங்ககிட்டச் சொல்ல வெக்கம்.

ஒங்க நோட்டுல இருக்கிறது, வர்றேன்னு முன்னாடியே வாக்குக் குடுத்தவளுக பேரு. நம்ம ஊரு தோமாசா அதுல கிடையாது. பேர் பதிஞ்சிருந்தும், வாக்குக் குடுக்கப் புருஷன் விடல. அன்னைக்கு அவன் பாவாடையெல்லாம் ஒளிச்சு வச்சிட்டான். இவ அரிசிச் சாக்கைச் சுத்திக்கிட்டு ஓடியாந்து வண்டியில ஏறினா! "என்னடி கோலம் இது?"ன்னேன். "ஓட்டுப் போடுறது கையிதானக்கா, பாவாடையா போடப்போகுது?"ன்னா. ஓட்டைப் போட்டுட்டுத்தான் வீடு திரும்பினா. சாயங்காலம் அவன்கிட்ட வாங்கின அடியில ஒரு காது போச்சு. என்னைச் செதுக்கி எறிஞ்சிட்டு அவளைப் போடுங்க.

ஒங்க
எஸ்தாக்கியா

மணிலா
17-4-1962

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கல் கப்பல் ஏறிவிட்டது. கமிட்டியிடம் கெஞ்சிப் பார்த்தேன். கல்லில் இன்னொரு பெயர் வெட்ட இடம் இல்லை, விழாத் தேதியையும் மாற்ற முடியாது என்கிறார்கள். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் போனது என் தப்பு. கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் நானும் வர முடியாது. தோமாசாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

மன்னிப்புக் கேட்கும்,
கன்சோர்சியா

லிபாஸ் கிராமம்
30-4-1962

டீச்சரம்மா, கண்ணு எப்படி இருக்கு? தண்ணி படாம பாத்துக்குங்க.

பக்குவமாச் சொல்லுன்னீங்க. ஓட்டுப் போட்டவளுக பேரெல்லாம் கல்லுல வருதுன்னு ஊரே பேசுது. அஞ்சு தடவை அவ வீட்டுக்குப் போனேன். போனதும் உக்கார வச்சு, "என் பேரு எத்தனாவதுக்கா?"ன்னு கேக்கிறா. "எனக்கு என்னடி தெரியும், எனக்கா படிப்பு?"ன்னு எந்திரிச்சு வந்துட்டேன். அவ மக ரெண்டு பேரும் இதுக்குன்னே வெளியூருலேருந்து வந்திருக்காளுக.

எனக்கு அந்தக் கல்லுல எது என் பேருன்னுகூடத் தெரியாது. அவ படிச்சவ. ஒவ்வொரு வரியா விரல் வச்சு, கடைசி வரைக்கும் தேடுவா.

இந்தா, வாசல்ல வந்து நிக்கிறா. "அக்கா, பேண்டு அடிக்க ஆரம்பிச்சாச்சு! முன்னாடி போயி நின்னாத்தான் நம்ம பேரைப் பாக்கலாம், கெளம்புங்க!" வர்றேன்டி, வர்றேன். டீச்சரம்மா, இப்ப நான் அவகிட்ட எந்த வாயால